கடலே இல்லாத இடத்தில் ஒரு தீவு: ஆக்ஸ்ஹோமின் நிலமும் நீரும்

கேள்வி இதுதான்: "இங்கிலாந்தில் லிங்கன்ஷயரின் வடமேற்கு மூலையில் 'ஐல் ஆஃப் ஆக்ஸ்ஹோம்' என்று ஒரு பகுதி வரைபடத்தில் இருக்கிறது. பக்கத்தில் கடல் இல்லை, ஏரியும் இல்லை. அப்புறம் ஏன் தீவு? அதே இடத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் நடுவில் மட்டும் வயல்கள் நாடா நாடாவாக, வேலியே இல்லாமல் கிடக்கின்றன. சுற்றிலும் பெரிய பெரிய செவ்வகங்கள். இது ஏன்? நாட்டிங்ஹாம்ஷயரில் லாக்ஸ்டன் என்ற ஊரில் இருப்பதாகச் சொல்லும் பழைய வயல்முறை இதுதானா?"

நன்றாகக் கவனித்துக் கேட்டிருக்கிறீர்கள். பல வருடங்களாக நான் ஆசையோடு படித்துவரும் நிலம் இது, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். இந்தத் தீவின் பெரிய ஊர்களில் ஒன்று ஹாக்ஸி. அந்தப் பெயரின் கடைசியில் இருக்கும் 'ஈ' என்ற ஒலிக்குப் பழைய ஆங்கிலத்திலும், ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் நார்ஸ் மொழியிலும் தீவு என்று பொருள். ஹாக் என்பவருடைய தீவு, ஹாக்ஸி. பிறகு வந்தவர்கள் அதனோடு 'ஹோம்' என்ற நார்ஸ் சொல்லைச் சேர்த்தார்கள். அதற்கும் தீவு, நீர் சூழ்ந்த மேடு என்றுதான் பொருள். அது தேய்ந்து ஆக்ஸ்ஹோம் ஆனது. அதற்கும் முன்னால் 'ஐல்' வந்து ஒட்டிக்கொண்டது. ஆக, ஒரே பெயருக்குள் மூன்று தீவுகள். வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு மொழி பேசி வந்தவர்கள் எல்லாருக்கும் இந்த இடத்தைப் பார்த்ததும் முதலில் கண்ணில் பட்டது சுற்றியிருந்த தண்ணீர்தான்.

நம் மொழியில் இதற்குச் சரியான சொல் ஆற்றிடைக்குறை. கிழக்கே ட்ரெண்ட் ஆறு. வடக்கிலும் மேற்கிலும் டான் ஆற்றின் ஒரு கிளை. தெற்கிலும் தென்மேற்கிலும் ஐடில். இவற்றுக்கு நடுவே டோர்ன் என்ற சிற்றாறு சதுப்புக்குள் அலைந்து திரிந்தது. நடுவில் சிவப்புக் களிமண்ணால் ஆன ஒரு தாழ்ந்த மேடு. அதன் உச்சியே கடல்மட்டத்திலிருந்து சுமார் 40 மீட்டர்தான். வேறு இடத்தில் இருந்தால் அதை மேடு என்று யாரும் மதித்திருக்க மாட்டார்கள். இங்கே அதுதான் எல்லாம். எப்வொர்த், ஹாக்ஸி, பெல்டன் ஆகிய ஊர்கள் அந்த முதுகின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. சற்று வடக்கே தனி மேட்டில் க்ரோல். மேற்கே சதுப்புக்குள் மூக்கு நீட்டியதுபோல் ஒரு நிலத்துண்டு, அங்கே ரூட் என்ற சின்ன ஊர். அந்தப் பெயருக்கே பன்றியின் மூக்கு, மூஞ்சி என்று அர்த்தம். ட்ரெண்டின் கரையை ஒட்டி, ஆறே கொண்டுவந்து போட்ட வண்டல் மேட்டின்மேல் ஓஸ்டன் ஃபெர்ரி, ஆல்தோர்ப், கீட்பி, ஆம்காட்ஸ்.

ட்ரெண்ட் இங்கே கடல் ஓதம் ஏறும் ஆறு. பெரிய ஓதம் வரும் நாட்களில் நீர் ஒரு சுவர்போல எழுந்து ஆற்றை எதிர்த்து ஓடும். அந்த அலையை உள்ளூரில் 'ஈகர்' என்பார்கள். ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் உள்நாட்டுத் தண்ணீர் வெளியே போக வழியில்லை. மழைக்காலத்தில் டான், ஐடில், டோர்ன் மூன்றின் நீரும் தேங்கி, மேட்டைச் சுற்றிப் பல மைல்களுக்குப் பரவி நிற்கும். ஆண்டில் பல மாதம் படகில்தான் போக்குவரத்து. வெறும் பெயருக்குத் தீவு அல்ல, நிஜமாகவே தீவு.

சதுப்பின் அடியில் கிடப்பது பீட். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சதுப்புச் செடிகள் நீருக்குள் முழுதாக மட்காமல் அடுக்கடுக்காய்ப் படிந்து உண்டான, எரிக்கத் தகுந்த கரிய மண் அது. காற்றுப் புகாததால் அதற்குள் விழுந்த பொருள் அழுகாது. 1747 ஜூனில் ஆம்காட்ஸ் பக்கத்துச் சதுப்பில் பீட் வெட்டிக்கொண்டிருந்த ஒருவரின் மண்வெட்டியில் ஒரு பெண்ணின் உடல் அகப்பட்டது. தோல் பதனிட்ட தோலாகவே மாறியிருந்தது. காலில் ஒற்றைத் தோலில் வெட்டிச் செய்த செருப்பு. அந்தச் செருப்பின் பாணியை வைத்துத்தான் அவள் ரோமர் ஆட்சியின் பிற்காலத்தைச் சேர்ந்தவள் என்று பின்னால் கணித்தார்கள். ஒன்றரை ஆயிரம் ஆண்டு ஒரு செருப்பின் தையல்துளையைக்கூடச் சிதையாமல் வைத்திருக்கும் மண் இது.

சரி, இந்தத் தண்ணீருக்கு நடுவே மக்கள் எப்படிப் பிழைத்தார்கள்? இதுதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு வாசல்.

மேட்டிலிருந்து ஒருவர் கீழே இறங்கி நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதுகின்மேல் கிறித்தவக் கோயிலும் வீடுகளும். அதை ஒட்டிச் சரிவில் உழவு நிலம். இன்னும் கீழே வெள்ளம் வந்து வடியும் புல்வெளி, அங்கே காயவைத்துச் சேமிக்கும் தீவனப் புல்லை அறுப்பார்கள். அதற்கும் அப்பால் 'கார்' என்று நார்ஸ் சொல்லால் அழைக்கப்பட்ட புதர்ச் சதுப்பு. கடைசியில் பீட் வெளி. ஒவ்வொரு ஊருக்கும் இந்த எல்லா வகை நிலத்திலும் பங்கு இருந்தது. உழவு நிலம் குறைவு, ஆனால் பொதுநிலம் எல்லையில்லாமல் கிடந்தது. வெள்ளம் வடிந்த வசந்தத்தில் அந்தப் பொதுநிலத்தில் புல் இடுப்பளவு நிற்கும், மாடும் குதிரையும் கொழுக்கும். மழைக்காலத்தில் அதே இடத்தில் மீனும் விலாங்கும் காட்டு வாத்தும். கூரைக்கு நாணல். அடுப்புக்குப் பீட். இதற்குமேல் சரிவில் ஆளியும் சணலும் பயிராக்கி, குளிர்காலத்தில் வீட்டிலேயே நூற்றுச் சாக்குத் துணி நெய்தார்கள். 1086-இன் டூம்ஸ்டே கணக்கெடுப்பிலேயே இந்த ஊர்களுக்கு மீன்பிடி இடங்கள் வரிசையாகப் பதிவாகியிருக்கின்றன.

ஐந்து ஏக்கர் உழவு நிலம் வைத்திருந்தவர் வேறு மாவட்டத்தில் ஏழை. இங்கே அவருக்குப் பால்மாடு உண்டு, எரிபொருள் உண்டு, மீன் உண்டு. 'சதுப்பு, வீணாய்க் கிடக்கும் நிலம்' என்று வெளியாள் எழுதிவைத்ததை அப்படியே நம்பினால் இந்த மாவட்டத்தின் வரலாறு ஒரு வரிகூடப் புரியாது. அந்த வீண் நிலம்தான் இவர்களுடைய மூலதனம்.

நார்மன்கள் வந்த பிறகு தீவின் பெரும்பகுதி மோப்ரே குடும்பத்தின் கையில் இருந்தது. க்ரோல் மட்டும் யார்க்ஷயரின் செல்பி மடத்துக்குச் சொந்தம். தண்ணீர் சூழ்ந்த இடம் என்பதால் அரசரோடு முறைத்துக்கொண்டவர்களுக்கு இது நல்ல மறைவிடம். 1173-74 கலகத்தில் ரோஜர் டி மோப்ரே சேர்ந்ததால் ஓஸ்டன் ஃபெர்ரியில் இருந்த அவருடைய கோட்டை இடிக்கப்பட்டது. அதன் மண்மேடு இன்னும் இருக்கிறது. 1265-இல், அரசரை எதிர்த்த தந்தை ஈவ்ஷாம் போரில் தோற்று இறந்த பிறகு, இளைய சைமன் டி மான்ட்ஃபோர்ட் ஓடிவந்து ஒளிந்ததும் இந்தத் தீவில்தான். அந்த ஆண்டுக் கடைசியில் தெற்கு எல்லையான பைகார்ஸ் டைக் கால்வாய்க் கரையில் அவர் பணிந்தார்.

மோப்ரே குடும்பத்தின் செயல்களில் மக்கள் நினைவில் நின்றது வேறொன்று. 1359-இல் ஜான் டி மோப்ரே தம் குடிகளுக்கு ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்தார். பொதுநிலத்தில் தாம் ஏற்கெனவே வேலியடைத்துக்கொண்டது போக, மிச்சத்தில் தாமும் தம் வாரிசுகளும் இனிக் கை வைப்பதில்லை என்பது அதன் சாரம். அந்தப் பத்திரத்தை இரும்புப் பட்டை போட்ட பெட்டியில் வைத்து ஹாக்ஸியின் புனித நிக்கலஸ் கோயிலில் பூட்டி வைத்தார்கள். ஒரு கிராமம் தன் மேய்ச்சல் உரிமைக்கான காகிதத்தைக் கோயிலுக்குள் காவல்காத்தது. இந்தப் பெட்டியை மனதில் வையுங்கள், 270 ஆண்டு கழித்து அது திறக்கப்படும்.

மேற்கே யார்க்ஷயர் பக்கம் ஹாட்ஃபீல்ட் சேஸ் என்ற அரச வேட்டைக்காடு. காடு என்று சொன்னாலும் பாதி தண்ணீர். 1609-இல் இளவரசர் ஹென்றி வந்தபோது மான்களைத் தோர்ன் ஏரிக்குள் விரட்டிவிட்டுப் படகுகளில் போய் வேட்டையாடியதாக ஆபிரகாம் டி லா ப்ரைம் எழுதி வைத்திருக்கிறார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பணம் தேவைப்பட்ட முதலாம் சார்ல்ஸ் அரசரானதும் நிலைமை மாறியது. 1626 மே மாதம் அவர் கார்னீலியஸ் வெர்மைடன் என்ற டச்சுக்காரரோடு ஒப்பந்தம் செய்தார். வெர்மைடன் நெதர்லாந்தின் ஸீலந்துப் பகுதியில் தோலன் என்ற தீவுக்காரர், நீரை வடிக்கும் தொழில் அவருக்குப் பிறந்த மண்ணிலேயே பழக்கம். சுமார் 70,000 ஏக்கர் சதுப்பை வடிக்க வேண்டும். வடிந்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு அரசருக்கு, ஒரு பங்கு வெர்மைடனுக்கும் அவரோடு முதல் போட்டவர்களுக்கும், மிச்சம் உள்ளூர்க்காரர்களுக்கு.

அவர் செய்த வேலையின் துணிச்சலைப் பாருங்கள். டானின் கிழக்குக் கிளையை அடைத்து, ஆறு முழுவதையும் வடக்கே தள்ளிவிட்டார். ஐடில் வடக்கே சதுப்புக்குள் போன வழியை அணைகட்டி மறித்து, பைகார்ஸ் டைக் வழியாக நேரே கிழக்கே கொண்டுபோய் வெஸ்ட் ஸ்டாக்வித்தில் ட்ரெண்டில் இறக்கினார். டோர்னுக்கு நூல் பிடித்ததுபோல் புதுக் கால்வாய் வெட்டி, தீவைக் குறுக்கே கிழித்து, ஆல்தோர்ப் அருகே மதகு வைத்து ட்ரெண்டில் சேர்த்தார். தீவைத் தீவாக்கிய ஆறுகளில் ட்ரெண்டைத் தவிர மற்ற மூன்றும் சில ஆண்டுகளுக்குள் இடம் மாறின. 1629 ஜனவரியில் அரசர் அவருக்கு சர் பட்டம் கொடுத்தார்.

செத்துப்போன டான் கிளையின் தடம் இன்னும் வரைபடத்தில் உயிரோடு இருக்கிறது. லிங்கன்ஷயருக்கும் யார்க்ஷயருக்கும் அந்தக் கிளைதான் எல்லையாக இருந்தது. ஆறு போய்விட்டது, எல்லை போகவில்லை. வடக்கு முனையில் கார்தோர்ப், ஃபாக்கர்பி என்று இரண்டு கிராமங்கள். இன்று நடந்து போனால் ஒரே ஊர் என்றுதான் நினைப்பீர்கள். ஆனால் பல நூற்றாண்டுகள் கார்தோர்ப் லிங்கன்ஷயர், ஃபாக்கர்பி யார்க்ஷயர், ஏனென்றால் நடுவே ஒருகாலத்தில் ஆறு ஓடியது. ஈஸ்டாஃப்டும் அப்படித்தான் இரண்டாகப் பிளந்து கிடந்தது. அங்கே ஒரு தெருவுக்கு 'யார்க்ஷயர்சைடு' என்றே பெயர். வளைந்து நெளிந்து போகும் ஒரு பழைய எல்லைக்கோட்டை எங்காவது பார்த்தால், அது ஒரு ஆற்றின் கல்லறையாக இருக்க வாய்ப்பு அதிகம். வரைபடம் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இது.

கணக்கு ஓரிடத்தில் பிசகியது. இரண்டு கிளையில் போன டான் முழுவதையும் ஒரே கிளையில் தள்ளியதால் வடக்கே ஃபிஷ்லேக், சைக்ஹவுஸ் போன்ற ஊர்கள் மூழ்கத் தொடங்கின. அவர்கள் வழக்குக்குப் போனார்கள். கடைசியில் 1630-களில் டானுக்காகத் தனியே ஒரு நேர்க்கால்வாய் வெட்டி ஊஸ் ஆற்றில் விட வேண்டியதாயிற்று. இன்றும் அதற்கு 'டச்சு ஆறு' என்றுதான் பெயர். கூல் துறைமுகம் வளர்ந்தது அதன் வாய் அருகேதான்.

ஆனால் பெரிய எதிர்ப்பு தீவிலிருந்தே வந்தது. எப்வொர்த் ஆட்சிப்பகுதியில் மட்டும் பொதுநிலம் 13,400 ஏக்கர். அதில் 7,400 ஏக்கர் வடிப்பவர்களுக்கு என்று போய்விட்டது. குடிகளுக்குச் சுமார் 6,000 மிச்சம். 'மிச்சம் இருப்பது காய்ந்த நல்ல நிலம்தானே' என்று அரசு தரப்பு சொன்னது. கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் வெள்ளம் வராவிட்டால் வண்டல் வராது, வண்டல் இல்லாவிட்டால் அந்தப் புல் கிடையாது. மீனும் வாத்தும் போயின. பறிபோன மீன்பிடிப்புக்கும் பறவை வேட்டைக்கும் ஈடாக, ஏழைகள் சாக்கும் கயிறும் செய்து பிழைக்க 400 பவுண்டு முதலாகக் கொடுக்கப்பட்டது. ஒரு முழு வாழ்க்கைமுறைக்கு அது ஈடாகாது என்பது என் துணிவு.

1628-இல் ஹாக்ஸியில் கலவரம் வெடித்தது. ஆண்களும் பெண்களும் திரண்டு வேலையாட்களை விரட்டி, கரைகளை உடைத்து, கால்வாய்களைத் தூர்த்தார்கள். அவர்கள் கையில் இருந்த ஆயுதங்களில் வலிமையானது மோப்ரேயின் பத்திரம். 'நில உரிமையாளர் தம் வாரிசுகளையும் கட்டுப்படுத்தி எழுதிக்கொடுத்தது இது. பின்னால் அந்த உரிமை அரசரிடம் போயிருந்தாலும் அவரையும் கட்டுப்படுத்தும்' என்று நீதிமன்றங்களில் வாதாடினார்கள். அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் வந்ததும் வாதம் போதாமல் நீரையே ஏவினார்கள். ஸ்னோ சூவர் என்ற வடிகாலின் மதகைத் திறந்து ட்ரெண்டின் ஓதத்தை உள்ளே விட்டு, சுமார் 4,000 ஏக்கரை மூழ்கடித்தார்கள். அரசர் படை வராமல் தடுக்கத்தான் என்று காரணம் சொன்னார்கள். 1651-இல், எல்லாருக்கும் சம உரிமை கேட்ட லெவலர் இயக்கத்தின் ஜான் லில்பர்னும் ஜான் வைல்ட்மனும் இவர்களுக்கு ஆதரவாக வந்தார்கள். வழக்கை நடத்தித் தருவதற்குக் கைம்மாறாக 2,000 ஏக்கர் பேசப்பட்டது. லண்டன் அரசியலை உலுக்கிய மனிதர்கள் ஒரு சதுப்புநிலத் தகராறுக்காக எப்வொர்த் வந்து நின்றது, இந்தச் சண்டை அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிதாகப் பார்க்கப்பட்டது என்பதற்கு அத்தாட்சி.

இதில் அடிபட்ட இன்னொரு கூட்டத்தையும் சொல்ல வேண்டும். வடிந்த நிலத்தில் உழ, பிரெஞ்சு பேசும் வல்லூன்களும் டச்சுக்காரர்களும் குடும்பம் குடும்பமாக வந்து சாண்ட்டாஃப்டில் குடியேறினார்கள். மதக் கொடுமைக்குத் தப்பி வந்த புராட்டஸ்டன்ட்கள் அவர்களில் பலர். தங்கள் மொழியில் வழிபடத் தேவாலயம் கட்டிக்கொண்டார்கள். உள்ளூர்க்காரர்களின் கோபம் அவர்கள் வீடுகள்மேல் இறங்கியது, தேவாலயம் பாழாக்கப்பட்டது. பலர் இடம்பெயர்ந்து கேம்பிரிட்ஜ்ஷயரின் தோர்னிக்குப் போய்விட்டார்கள். இருந்துவிட்ட ஒரு குடும்பத்தில் 1671-இல் பிறந்தவர்தான் நான் முன்பு சொன்ன ஆபிரகாம் டி லா ப்ரைம். தோர்னின் பாதிரியாராகி, இந்தச் சதுப்பின் முதல் வரலாற்றாசிரியர்களில் ஒருவரானார். பீட்டுக்கு அடியில் வேரோடு புதைந்து கிடந்த கருவாலி மரங்களையும் ஊசியிலை மரங்களையும் பற்றி லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டிக்கு எழுதினார். ரோமர்கள் அழித்த காடு என்று அவர் நினைத்தார். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நீர்மட்டம் ஏறி மூழ்கடித்த காடு என்று இப்போது தெரியும். அவர் 1704-இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே இறந்துபோனார். இந்த மண்ணை வடிக்க வந்தவர்களின் பேரப்பிள்ளையே அதன் பழைய கதைகளைத் தேடித் தேடி எழுதினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

எப்வொர்த் என்றால் பலருக்கு ஞாபகம் வருவது ஜான் வெஸ்லி. மெதடிஸ்ட் இயக்கத்தின் நிறுவனர் 1703-இல் இங்கேதான் பிறந்தார். தந்தை சாமுவேல் வெஸ்லி 1695 முதல் இந்த ஊர்ப் பாதிரியார். 1709 பிப்ரவரியில் பாதிரியார் வீடு தீப்பற்றி எரிந்தபோது ஐந்து வயது ஜானை மாடி ஜன்னல் வழியாக இறக்கிக் காப்பாற்றினார்கள். 1742-இல் கோயிலுக்குள் பேச இடம் மறுக்கப்பட்டதால், வெளியே தம் தந்தையின் கல்லறைமேல் ஏறி நின்று பிரசங்கித்தார். தகராறுக்கு அஞ்சாத, பெரிய பிரபு யாரும் மேலே உட்கார்ந்திராத, சிறு நிலக்காரர்களின் ஊர் அது.

இப்போது நாடா வயல்கள். இடைக்கால இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஊரின் உழவு நிலம் சில பெரிய திறந்த வயல்களாக இருக்கும். ஒவ்வொரு வயலுக்குள்ளும் நூற்றுக்கணக்கான குறுகிய பட்டைகள். ஒருவருக்கு இங்கே ஒரு பட்டை, அங்கே ஒரு பட்டை என்று சிதறியிருக்கும். மேட்டு மண்ணும் பள்ளத்து மண்ணும் எல்லாருக்கும் கிடைக்க அது ஒரு வழி. பட்டை ஏன் அவ்வளவு நீளம்? எட்டு எருது பூட்டிய கனத்த கலப்பையைத் திருப்புவதுதான் கடினம், நேரே போவது எளிது. ஆகவே முடிந்த அளவு நீளமாக ஓட்டித் திரும்பினார்கள். 'ஃபர்லாங்' என்ற அளவே 'ஒரு படைச்சால் நீளம்' என்ற சொல்லிலிருந்து வந்தது, சுமார் 200 மீட்டர். முனை வருவதற்கு முன்பே எருதுகளை இடப்பக்கமாக ஒடிக்கத் தொடங்குவதால் பட்டைகள் பல இடங்களில் நேராக இல்லாமல், தலைகீழ் எஸ் எழுத்துப்போல மெல்ல வளைந்திருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அந்த வளைவு தெரியும். டிராக்டர் ஓட்டும் இன்றைய விவசாயியும் அந்தக் காலத்து எருதின் திருப்பத்தைப் பின்பற்றித்தான் உழுகிறார்.

ஆக்ஸ்ஹோமில் பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே புதர்வேலி கிடையாது, நடக்கிற அளவு வரப்பும் பெரும்பாலும் கிடையாது. ஒரு படைச்சால் மட்டும் எல்லை. இந்தப் பக்கம் ஒருவர் கோதுமை, அந்தப் பக்கம் இன்னொருவர் உருளைக்கிழங்கு.

மற்ற ஊர்களில் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டங்கள் போட்டு இந்தப் பட்டைகளை ஒன்றுசேர்த்து வேலியடைத்துவிட்டார்கள். இங்கேயும் 1795-இல் சட்டம் வந்தது. எப்வொர்த், ஹாக்ஸி, பெல்டன், ஓஸ்டன் ஊர்களின் மிச்சப் பொதுநிலம் அளந்து பிரிக்கப்பட்டது. நீங்கள் பார்த்த செவ்வகங்களில் நிறைய அப்போது நில அளவையாளர் கோல் வைத்து வரைந்தவை. ஆனால் மேட்டின் உழவுப் பட்டைகளில் பெரும்பகுதியை விட்டுவிட்டார்கள். பட்டைக்காரர்கள் எண்ணிக்கையில் அதிகம், பலர் சொந்த நிலக்காரர்கள். வேளாண் எழுத்தாளர் ஆர்தர் யங் 1799-இல் வெளிவந்த தம் நூலில், நிலம் இவ்வளவு பேரிடம் பிரிந்து கிடப்பதையே வியந்து எழுதினார். வேலியடைப்பதற்குச் செலவு உண்டு, புதர்வேலி நிலத்தையும் தின்னும். அரை ஏக்கர்ப் பட்டை வைத்திருப்பவருக்கு அது நட்டம். தவிர, ஆளி, சணல், உருளை, பின்னாளில் வெங்காயம், கேரட், செலரி என்று கையால் பாடுபட்டு நிறைய எடுக்கும் பயிர்களுக்கு இந்தச் சின்னப் பட்டையே போதும். செலரிக்கு ஆக்ஸ்ஹோம் பேர்போன இடமானது அப்படித்தான்.

செவ்வகங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் இந்த நிலவரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வடிந்த பீட் காயக் காயச் சுருங்கும், காற்றில் கரையும், நிலம் தாழ்ந்துகொண்டே போகும். 18-ஆம் நூற்றாண்டில் இதற்கு ஒரு மாற்று கண்டுபிடித்தார்கள். பெயர் 'வார்ப்பிங்'. வயலைச் சுற்றிக் கரை எழுப்பி, பெரிய ஓதம் வரும் நாளில் மதகைத் திறந்து, ட்ரெண்டின் சேற்றுக் கலங்கல் நீரைத் தனிக் கால்வாய் வழியாக உள்ளே விடுவார்கள். நீர் அசையாமல் நிற்கும். வண்டல் அடியில் இறங்கும். ஓதம் வடியும்போது தெளிந்த நீரை மட்டும் வெளியே விடுவார்கள். அடுத்த ஓதத்துக்கு மறுபடியும். இப்படி ஓரிரு ஆண்டில் ஓரடிக்கும் மேலான புது மண், ஒரு கல்கூட இல்லாத மண், பீட்டின்மேல் போர்த்திக்கொள்ளும். ஓஸ்டன் ஃபெர்ரி பக்கம் 'வார்ப்பிங் டிரெய்ன்' என்று பெயர் பார்த்தால், அது நீரை வடிக்க வெட்டியது அல்ல, உள்ளே கொண்டுவர வெட்டியது. வெள்ளத்தைத் தடுக்கக் கரை கட்டிய அதே மண்ணில், நூற்றைம்பது ஆண்டு கழித்து, வெள்ளம் சும்மா தந்துகொண்டிருந்த வண்டலை மதகு வைத்து அளந்து வாங்கிக்கொண்டார்கள். 1628-இல் கரையை உடைத்தவர்கள் சொன்னது மண்ணைப் பொறுத்தவரை சரிதான் என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆக்ஸ்ஹோம் கூட்டு ரயில்பாதை 1905-இல் முழுதாகத் திறந்து, 1933-இல் பயணிகள் சேவையை நிறுத்தியது. 1940-இல் கீட்பியில் நீரேற்று நிலையம் வந்ததும், ஓதம் இறங்கும்வரை மதகில் காத்திருந்த காலம் முடிந்தது. நிர்வாகத்தில் இந்தத் தீவை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெளிவில்லை. 1974-இல் ஹம்பர்சைடு என்ற புது மாவட்டத்தில் சேர்த்தார்கள், 1996-இல் அது கலைந்து வடக்கு லிங்கன்ஷயர் ஆனது. அஞ்சல் குறியீடு டான்காஸ்டரைச் சொல்லும். 2024 முதல் நாடாளுமன்றத் தொகுதியும் 'டான்காஸ்டர் கிழக்கு மற்றும் ஆக்ஸ்ஹோம் தீவு'. தீவுக்காரர்கள் தங்களை இன்னமும் 'ஐலோனியன்' என்றே சொல்லிக்கொள்வார்கள்.

ஆண்டுதோறும் ஜனவரி 6-ஆம் தேதி 'ஹாக்ஸி ஹுட்' என்ற விளையாட்டு நடக்கும். மோப்ரே சீமாட்டியின் தலைத்துணி காற்றில் பறக்க, 13 உழவர்கள் துரத்திப் பிடித்துக் கொடுத்தார்களாம், அதற்காக அவர் 13 ஏக்கர் கொடுத்தாராம். கதை எவ்வளவு உண்மையோ, ஒரு தோல் உருளையைச் சுற்றி நூற்றுக்கணக்கானோர் முட்டித் தள்ளி நான்கு மதுக்கடைகளில் ஒன்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை ஆட்டம் ஓயாது. ஹாக்ஸிக்கும் வெஸ்ட்வுட்சைடுக்கும் நடுவே, வேலியில்லாத சரிவில் நடக்கும் ஆட்டம் இது. அந்த நிலத்தில் புதர்வேலிகள் முளைத்திருந்தால் இந்தக் கூட்டம் அப்படி உருண்டோட முடியுமா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

கடைசியாக, லாக்ஸ்டன். நாட்டிங்ஹாம்ஷயரில் இருக்கும் அந்த ஊரும் இதுவும் ஒன்றல்ல. லாக்ஸ்டனில் மூன்று பெரிய வயல்கள், எந்த வயலில் இந்த ஆண்டு என்ன, எது தரிசு என்று ஊர்ப்பொதுவில் முடிவாகும், அதைக் கண்காணிக்க ஒரு பழைய நீதிமன்றம் இன்னும் கூடுகிறது. அங்கே பிழைத்திருப்பது விதிமுறை. ஆக்ஸ்ஹோமில் அந்தப் பொது விதி மறைந்துவிட்டது, அவரவர் பட்டையில் அவரவர் விருப்பப் பயிர். ஆனால் நிலத்தின் வடிவம் இங்கே பிழைத்திருக்கிறது, அதுவும் ஒரே ஊரில் அல்ல, எப்வொர்த், ஹாக்ஸி, பெல்டன் என்று அடுத்தடுத்து. இயந்திர வசதிக்காகப் பக்கத்துப் பட்டைகளைச் சேர்த்து உழுவதால் எண்ணிக்கை குறைந்துகொண்டு வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

நீங்களே தேடிப் பார்க்க விரும்பினால், ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இங்கிலாந்தின் பழைய நில அளவை வரைபடங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டு ஆறங்குலப் படத்தை எடுத்து, எப்வொர்த்துக்குத் தெற்கே ஹாக்ஸி வரை மெதுவாக நகருங்கள். பக்கத்திலேயே இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் திறந்து வையுங்கள். முதலில் வளைந்த பட்டைகளைக் கண்டுபிடியுங்கள். பிறகு சரிவில் இறங்கினால், 'எப்வொர்த் டர்பரி', 'ஹாக்ஸி டர்பரி' என்ற பெயர்கள் வரும். டர்பரி என்றால் பீட் வெட்டும் உரிமை உள்ள இடம். குடிகளின் அடுப்புக்காக ஒதுக்கிய நிலம் அது, இன்று இயற்கைக் காப்பிடங்களாக இருக்கின்றன. மரமும் நாணலும் மண்டிய அந்தத் துண்டுகளைச் சுற்றி நாலாபுறமும் உழுத வயல். மூன்று பேர் மூன்று முறை தீவு என்று பெயர் வைத்தபோது சுற்றிலும் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு, இப்போதைக்கு மிஞ்சியிருக்கும் மாதிரி அந்தத் துண்டுகள்தான்.